பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கிய போன்

மணப்பாறையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. வருமானம் வருவதெல்லாம் சிட்டா எடுத்துத் தருவது, பான் கார்டு விண்ணப்பம், தேர்வுக் கட்டணம் கட்டுவது போன்ற வேலைகளில்தான். இது எல்லாவற்றுக்கும் ஓடிபி வேண்டும். ஓடிபி எங்கே வருகிறது என்று தெரியாதவர்கள் போனையே என் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு நாளைக்கு முப்பது நாற்பது போன்கள் என் மேசைக்கு வந்து போகும். திரை உடைந்தது, ரப்பர் பேண்ட் சுற்றியது, கவருக்குள் இருநூறு ரூபாய் நோட்டை மடித்து வைத்தது என்று எல்லா ரகமும் பார்த்தாயிற்று.

இத்தனை போனைப் பார்க்கிறவன் தனக்கென்று ஒன்று வாங்கும்போது ஏமாந்தேன்.

2021 தீபாவளிக்கு முந்தைய வாரம். பழைய போனின் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றது. பத்தாயிரத்துக்குள் ஒன்று வேண்டும் என்று ஆன்லைனில் தேடினேன். 13,000 ரூபாய்க்கு வந்த மாடல், பண்டிகைத் தள்ளுபடியில் 9,499. நான்கு ஜிபி ராம், 64 ஜிபி இடம், பெரிய பேட்டரி. கம்பெனியும் பேர் போனதுதான். விலை குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் குறைந்தது என்று யோசிக்கவில்லை. பெட்டியில் தயாரித்த மாதத்தைப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்புதான் செய்திருந்தார்கள். புதுச்சரக்கு என்று திருப்தியாகிவிட்டது.

முதல் ஒரு வருடம் ஒரு குறையும் இல்லை. ஆண்ட்ராய்டு 10இல் இருந்த போன் இடையில் ஒருமுறை 11க்கு மாறியது. அது வந்த இரண்டு நாள் பேட்டரி வேகமாக இறங்கியது, பிறகு சரியாகிவிட்டது.

2022 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு உட்காருகிறேன், போனில் பாதுகாப்பு அப்டேட் தயார் என்று வந்து நிற்கிறது. நான்கு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது. கூட்டம் வருவதற்குள் முடிந்துவிடும் என்று அழுத்திவிட்டேன். போன் அணைந்து எழுந்தது. கம்பெனி பெயர் வந்தது. லேசாக ஓர் அதிர்வு, திரை கருப்பு, மறுபடியும் கம்பெனி பெயர். மறுபடியும் அதிர்வு. இப்படியே முக்கால் மணி நேரம். வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்துப் பிடித்து பழுது பார்ப்பதற்கென்று உள்ள ரிக்கவரி பக்கத்துக்குப் போய், தற்காலிகக் கோப்புகளை அழித்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எதிரில் ஓர் அக்கா பிள்ளையின் வருமானச் சான்றுக்காக உட்கார்ந்திருந்தார். "தம்பி, உன் போனுக்கே நீ வைத்தியம் பார்க்கத் தெரியாம முழிக்கிறியே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

வாரண்டி முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. சிம்மைக் கழற்றி அப்பாவின் பட்டன் போனில் போட்டுவிட்டு, பஸ் ஏறித் திருச்சிக்கு, கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பையன் போனைக் கேபிளில் மாட்டிப் பார்த்துவிட்டு, "சாஃப்ட்வேர் போட்டா வரலாம் சார். வரலைன்னா போர்டு மாத்தணும், 6,800 ஆகும். எதுவா இருந்தாலும் டேட்டா போயிடும்" என்றான். 9,499 ரூபாய் போனுக்கு 6,800 ரூபாயில் போர்டு! சாஃப்ட்வேரே போடச் சொன்னேன். மூன்று மணி நேரம் கழித்து, 350 ரூபாய் வாங்கிக்கொண்டு, போனைத் துடைத்துக் கொடுத்தான். உயிர் வந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லை.

படங்கள் போனதுகூடப் பரவாயில்லை. கடன் கணக்கை நோட்ஸ் ஆப்பில்தான் எழுதி வைத்திருந்தேன். நாற்பது பேர், எல்லாம் சேர்ந்து பதினோராயிரம் ரூபாய் இருக்கும். விஷயம் தெரிந்து தானாக வந்து கொடுத்தவர்கள் உண்டு. "அப்படியா, எனக்கு ஞாபகம் இல்லையேப்பா" என்றவர்களும் உண்டு. யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு அந்தப் பையன் கொடுக்கும்போதே சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு உறைத்தது. "இதோட அப்டேட் முடிஞ்சுது சார், அடுத்த ரெண்டு மாசத்துல மொத்தமா நின்னுடும்." வாங்கி ஒரு வருஷம்தானே ஆகிறது என்றேன். "நீங்க வாங்கித்தான் ஒரு வருஷம். மாடல் வந்து மூணு வருஷம் ஆகப் போகுதே."

பஸ்ஸில் திரும்பும்போது செல்லில்லாத சும்மா நேரம் நிறைய இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாடல் அறிமுகமானது 2020 பிப்ரவரி. ஒரு பெரிய அப்டேட், மூன்று வருட பாதுகாப்பு அப்டேட் என்பது கம்பெனியின் வாக்கு. அது 2023 பிப்ரவரியோடு முடிகிறது. நான் வாங்கியபோது மிச்சம் இருந்தது பதினைந்து மாதம். 9,499ஐ பதினைந்தால் வகுத்தால் மாதம் 633 ரூபாய். மலிவு என்று நினைத்தேனே, அதன் மலிவு இவ்வளவுதான். கம்பெனி ஏமாற்றியது என்றும் சொல்ல முடியாது. அறிவிப்பு அவர்கள் தளத்தில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

அப்பாவுக்குச் சந்தைப் பழக்கம் உண்டு. மாட்டின் திமிலைத் தடவிக்கொண்டே தரகர் அளப்பதை எல்லாம் கேட்டுக்கொள்வார். ஆனால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல், விலை பேசத் துண்டுக்குள் கையை விடமாட்டார். இரண்டு பல்லா, நான்கு பல்லா, ஆறு பல்லா என்று பார்த்தால் வயது தெரிந்துவிடும். எட்டும் முளைத்துவிட்டால் அப்புறம் தேய்மானத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். கொம்புக்கு வர்ணம் அடித்து, குளிப்பாட்டி, எண்ணெய் தடவி நிறுத்தியிருந்தாலும் பல் பொய் சொல்லாது என்பார். அந்த வீட்டில் பிறந்த நான், போன் பெட்டியில் தயாரித்த மாதத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அது நேற்றுக் குளிப்பாட்டினார்களா என்று பார்ப்பது மாதிரி. போனுக்குப் பல் என்பது அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த தேதி. ஒரே மாடலை இரண்டு மூன்று வருடம்கூடச் செய்து விற்பார்கள்; அப்டேட் கணக்கு பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும்.

ஐரோப்பாவில் இதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, அப்டேட்டுக்கான ஐந்து ஆண்டை ஒரு மாடலின் விற்பனை நிற்கும் நாளிலிருந்து எண்ணுகிறது. கடைசி ஆளாக வாங்கியவனுக்கும் நஷ்டம் இல்லை. நம் ஊரில் வாங்குகிறவன்தான் விரல்விட்டு எண்ணிக்கொள்ள வேண்டும்.

மலிவுப் போனுக்கு ஏன் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள் என்பதும் புரியாத விஷயம் இல்லை. கூகுள் ஆண்ட்ராய்டின் புதுப் பதிப்பை வெளியிட்டதும் அது நேராக நம் போனுக்கு வருவதில்லை. குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனிக்காரர்கள் தங்கள் சிப்புக்கு ஏற்ப அதைத் தயார் செய்ய வேண்டும். பிறகு போன் கம்பெனி தன்னுடைய அலங்காரத்தை, அதாவது ஒன் யூஐ, ஹைப்பர் ஓஎஸ், கலர் ஓஎஸ் என்று ஏதோ ஒன்றை, மேலே போர்த்திச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக இந்த வேலை. பத்தாயிரம் ரூபாய் போனில் கிடைக்கும் லாபத்தில் நான்கு வருடம் கழித்தும் இதற்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க மனம் வராது. பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் வருவதற்குள் முதல் இலைக்காரர் வெற்றிலை போட்டுவிடுவார் இல்லையா, அதுதான். இங்கே பல நேரம் பாயசமே வராது.

அப்டேட் வராவிட்டால் என்ன, போன் ஓடத்தானே செய்கிறது என்று என் கடையில் நிறையப் பேர் கேட்பார்கள். உண்மைதான், ஓடும். எனக்குப் பழைய அனுபவம் ஒன்று உண்டு. 2012இல் என்னிடம் இருந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் பதிப்பு 2.3. அதில் தமிழ் முழுவதும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆப்பரா மினியில் முகவரி இடத்தில் ஆப்பரா:கான்ஃபிக் என்று அடித்து, பிட்மேப் எழுத்து என்ற வரியை மாற்றினால் மட்டும், எழுத்தெல்லாம் படமாக மாறித் தமிழ் கொஞ்சம் தெரியும். ஆண்ட்ராய்டு 4 போன்களில் தமிழ் ஒழுங்காக வந்தது. என் போனுக்கு அந்தப் பதிப்பு கடைசி வரை வரவில்லை. தாய்மொழி படிக்க வேண்டும் என்பதற்காகவே வேறு போன் வாங்கினேன். 5ஜி விஷயமும் அப்படித்தான் தொடங்கியது. 2022 அக்டோபரில் ஏர்டெல்லும் ஜியோவும் சேவையைத் தொடங்கியபோது 5ஜி போன் கையில் இருந்தும் பலருக்கு வேலை செய்யவில்லை, அதை இயக்கிவிடும் அப்டேட்டுக்காகக் காத்திருந்தார்கள். ஐபோனுக்கே டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான் இங்கே 5ஜி கிடைத்தது. ஆக, காசு கொடுத்து வாங்கிய வன்பொருளுக்கும் சாவி அப்டேட்டில்தான் இருக்கிறது. இது போக, இன்றைக்கு வங்கிக் கணக்கே போனில் இருக்கும்போது, பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் அதை வைத்திருப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகையை வைத்த மாதிரிதான்.

2025 பொங்கலுக்கு அப்பாவுக்கு ஒரு போன் வாங்கலாம் என்று முடிவானது. பட்டன் போனில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை என்று குறை. இந்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் முதலில் எடுத்து வைத்த போனின் முதுகில் பெரிய ஸ்டிக்கர்: 8 ஜிபி ராம். சிறிய எழுத்தில் பார்த்தால் நான்கு கூட்டல் நான்கு. முதல் நான்குதான் ராம். அடுத்த நான்கு, சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்கி ராம் போல ஓட்டுவது. அதன் வேகம் ராமுக்குக் கால்வாசிகூட வராது. "அண்ணே, எட்டுன்னா எட்டுதாண்ணே" என்று அவன் சாதித்தான். அந்தக் கடன் வாங்கும் சேமிப்பு இடமும் இஎம்எம்சி என்ற வேகம் குறைந்த வகை. யூஎஃப்எஸ் என்ற வேகமான வகையாக இருந்தால் ஆப் திறப்பதிலும், முக்கியமாக அப்டேட் போடுவதிலும் நல்ல வித்தியாசம் தெரியும். விலைச் சீட்டில் இதை யாரும் எழுத மாட்டார்கள்; போனிலேயே மாடல் பெயரைத் தேடி முழு விவரத்தைத் திறந்தால் இருக்கும். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதை நான் கேட்கவே இல்லை. இந்த விலையில் 50 என்று போட்டிருப்பதும் 13 என்று போட்டிருப்பதும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுதான்.

அடுத்து 5ஜி. ஜியோ சிம் வைத்திருப்பவர்கள் என்28 என்ற அலைவரிசை போனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. 700 மெகாஹெர்ட்ஸ், சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வருவது அதுதான். எங்கள் வீடு கெட்டிச் சுவர் வீடு, அதனால் கேட்டேன். பையனுக்குத் தெரியவில்லை, மேலாளரைக் கூப்பிட்டான். மேலாளருக்கும் தெரியவில்லை.

கடைசியில் வாங்கியது சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி. 2024 அக்டோபரில் அறிமுகமானது, தொடக்க விலை 18,999. ஆறு முறை ஆண்ட்ராய்டு பதிப்பு மாறும், ஆறு வருடம் பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் அவ்வளவு நீண்ட வாக்கு விலையுயர்ந்த போன்களுக்குத்தான். 2023 அக்டோபரில் கூகுள் பிக்சல் 8க்கும், அடுத்த ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு வருடம் என்று சொன்னார்கள். கார்டு தள்ளுபடி போக எனக்கு 17,499 ஆனது. அறிமுகமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்ததால் மிச்சம் 69 மாதம். மாதம் 254 ரூபாய். முன்பு வாங்கியதைவிட எட்டாயிரம் அதிகம் கொடுத்தும் பாதிக்கும் குறைவான மாதச் செலவு. சார்ஜர் பெட்டியில் வராது, வீட்டில் டைப்-சி சார்ஜர் இருந்ததால் தப்பித்தோம். மூன்றாவது நான்காவது வருடத்தில் பேட்டரி மாற்ற ஒரு தொகையை ஒதுக்கியும் வைத்திருக்கிறேன். ஆறு வருடம் சாஃப்ட்வேர் வந்தாலும் பேட்டரி அவ்வளவு நாள் தாங்காது என்பது தெரிந்த விஷயம்தானே.

எல்லோரும் பதினேழாயிரம் கொடுக்க முடியாது. என் கடைக்கு வருகிற பலருக்கு எட்டாயிரமே பெரிய தொகை. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எட்டாயிரத்துக்குத்தான் வாங்க வேண்டும் என்றால், இரண்டு வருடத்துக்கு முந்தைய மாடலைப் பதிமூன்றிலிருந்து எட்டாகக் குறைத்து விற்பதை வாங்காதீர்கள், எட்டாயிரத்துக்கென்றே இந்த வருடம் வந்ததை வாங்குங்கள். கேமரா மோசமாக இருக்கும், வயது இளமையாக இருக்கும். செகண்ட் ஹேண்டாக வாங்கினால், *#06# அடித்து, போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கேஒய்எம் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். அப்படியே செட்டிங்ஸில் அபவுட் போன் போய், ஆண்ட்ராய்டு பதிப்புக்குள் பாதுகாப்பு அப்டேட் தேதியையும் பாருங்கள். ஒரு வருடத்துக்கு முந்தைய தேதி நின்றால் அந்த மாட்டுக்கு எட்டுப் பல்லும் முளைத்துத் தேய ஆரம்பித்தாயிற்று.

சரி, அப்டேட் போடும் விஷயத்துக்கு வருகிறேன். சூடு கண்ட பூனையாக இருப்பதால் என் பழக்கங்கள் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றலாம். பெரிய பதிப்பு மாற்றம் வந்தால் பத்து நாள் தொடமாட்டேன். அதற்குள் அதே மாடல் வைத்திருக்கும் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் யூடியூபில் புலம்பிவிடுவார்கள். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டுக்கு இரண்டு மூன்று நாள் போதும். போடுவதற்கு முன்பு இடம் காலி செய்வேன். என் பழைய போன் நின்றபோது 64 ஜிபியில் 61 நிரம்பியிருந்தது. காரணம் அதுதானா என்று அந்தச் சர்வீஸ் பையனும் உறுதியாகச் சொல்லவில்லை, ஆனால் முதலில் கேட்ட கேள்வி அதுதான். குறைந்தது பத்து ஜிபியாவது காலியாக இல்லாமல் இப்போது நான் அழுத்துவதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் வந்து குவியும் காலை வணக்கப் படங்களை அழித்தாலே பலருக்கு ஐந்து ஜிபி கிடைத்துவிடும், என் கடையில் நேரிலேயே செய்து காட்டியிருக்கிறேன். படங்களும் தொடர்பு எண்களும் கூகுள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் திறந்து கண்ணால் பார்ப்பேன்; ஏறிவிட்டது என்று போன் சொல்வதை நம்பமாட்டேன். கடன் கணக்கு இப்போது நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. அதற்கு அப்டேட் கிடையாது.

முக்கியமானது, வேலை நாளில் தொடுவதில்லை. அப்டேட் போட்டுப் பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான போன்களில் சுலபமாக முடியாது. முடிந்தாலும் உள்ளே இருப்பது எல்லாம் அழியும். போட்ட முதல் இரண்டு நாள் போன் சூடாவதும் சார்ஜ் இறங்குவதும் இயல்பு. ஆப்களை எல்லாம் புதுப் பதிப்புக்கு ஏற்ப உள்ளுக்குள் தயார் செய்துகொண்டிருக்கும். அதற்குள் பதறிப்போய் ரீசெட் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

எல்லா மாற்றமும் அப்டேட் பட்டனை அழுத்தித்தான் வரும் என்பதும் இல்லை. 2025 ஆகஸ்ட்டில் ஒரே வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் என் கடைக்கு வந்தார்கள். "தம்பி, போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, கால் வந்தா திரை வேற மாதிரி இருக்கு." நானும் முதலில் பயந்துதான் போனேன். பார்த்தால், பேசுவதற்கான போன் ஆப் மட்டும் ப்ளே ஸ்டோர் வழியாகத் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது; நாடு முழுக்கப் பலருக்கும் அப்படி ஆகியிருந்தது. போன் ஐகானை அழுத்திப் பிடித்து, ஆப் விவரத்துக்குள் போய், அப்டேட்டை நீக்கு என்பதைத் தட்டினால் பழைய தோற்றம் வந்துவிட்டது. ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி வந்தார். பக்கத்துக் கிராமத்துப் பெரியவர். வண்டிக்கு அபராதம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி, கூடவே ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப்பை நிறுவும் கோப்பு. போன் ஆப் மாறிய மாதிரி இதுவும் ஏதோ அப்டேட்தான் என்று நினைத்து இறக்கி வைத்திருந்தார். நிறுவவில்லை, நிறுவ அனுமதி கேட்டதில் குழம்பி என்னிடம் கொண்டு வந்துவிட்டார். நல்லவேளை. அந்தக் கோப்பை நிறுவினால் வரும் எஸ்எம்எஸ் எல்லாம் எங்கோ இருக்கும் ஒருவனுக்குப் போகும், ஓடிபி உட்பட. அழித்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான், வங்கி கேஒய்சி என்று எந்தப் பெயரில் ஏபிகே வந்தாலும் தொட வேண்டாம், போனுக்கு அப்டேட் செட்டிங்ஸுக்குள்ளேயும் ப்ளே ஸ்டோரிலும் மட்டும்தான் வரும் என்று இரண்டு முறை சொன்னேன். "எனக்கென்ன வண்டி இருக்கு, சைக்கிள்தானே வெச்சிருக்கேன்" என்றார் போகும்போது. அப்புறம் ஏன் அதை இறக்கினார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அப்பா இப்போது போனில் கெட்டி. வாங்கிய அன்று கடையிலிருந்து வெளியே வந்ததும், "இதுக்கு எத்தனை பல்லுடா?" என்று கேட்டார். "இன்னும் பால் பல்லுதாம்ப்பா" என்றேன். முந்தாநாள் அவர் போனில் அப்டேட் தயார் என்று வந்திருக்கிறது, இரண்டு ஜிபிக்கு மேல். தினமும் காலையில் போனைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுகிறார், "போட்டுடவா?" என்று. ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு, சார்ஜரில் போட்டுவிட்டு, நானே அழுத்துகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.